உதைபந்தாட்டத்தில் விரைந்த எதிர்த்தாக்குதலும் அதனைப் பயிற்றும் முறையும்

உதைபந்தாட்டத்தில் ஓரணி பெரும்பாலும் இரு நிலைகளுள் ஒன்றிலேயே இருக்கும். பந்து தன்பால் இருத்தல் ஒன்று. மாற்றணியின்பால் இருத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் தாக்குதல், தடுத்தல் என வகுத்துப் பயிற்றுவித்தல் நெடுநாள் வழக்கு. ஆயினும் இவற்றுக்கு இடையே மூன்றாவதொரு நிலையும் உண்டு. பந்து ஓரணியிடமிருந்து மற்றோரணிக்கு மாறும் சில செக்கன்களே அந்நிலையாகும்.

தாக்க முற்பட்ட அணி அகலப் பரந்து நிற்கும். அதன் பின்வரிசை நடுக்கோட்டை நெருங்கி வந்திருக்கும். அதன் வீரருட் பலர் பந்துக்கு முன்னே சென்றிருப்பர். அந்நிலையில் பந்தை இழந்த அணி மீண்டும் தன் ஒழுங்கை அடைதற்குச் சிறிது நேரம் செல்லும். அந்த இடைவேளை முடியுமுன் பந்தை எதிரணியின் கோலுக்குக் கொண்டு சேர்க்க முயல்வதே எதிர்த்தாக்குதல் எனப்படும்.

இதனைப் பலர் பிழைபட உணர்வர். பந்தை மீட்டவுடன் திசை நோக்காது முன்னே நெடிதாக உதைத்தலே எதிர்த்தாக்குதல் என்பது அவர்தம் எண்ணம். மைதானத்தின் ஓரத்தில் நின்று ‘அடி, அடி’ என்று கூவுவோர் கருத்தும் அதுவே. அவ்வாறு உதைத்த பந்து பெரும்பாலும் எதிரியிடமே மீளும் என்பதை ஆட்டத்தை ஊன்றி நோக்கும் எவரும் அறிவர். விரைவு வேறு, அவசரம் வேறு. விரைவு முன்னரே எண்ணியதன் பயன். அவசரம் எண்ணாமையின் விளைவு. இவ்வேறுபாட்டை வீரர் உள்ளத்திற் பதித்தலே பயிற்றுநரின் முதற்பணி.

ஊரும் ஆட்டமும்

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பிரிவில், பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த ஊர் முரசுமோட்டை. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களே இவ்வூரின் வாழ்வு. காலபோகம், சிறுபோகம் என்னும் உழவின் இரு பருவங்களே ஊராரின் ஆண்டை வகுக்கின்றன. இத்தகைய ஊரின் இளைஞர் அணிக்குச் சில இடர்கள் இயல்பாகவே உள. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வீரர் எல்லோரும் ஒருங்கே பயிற்சிக்கு வருதல் அரிது. மாரியில் மைதானத்தில் நீர் தேங்கும். கோடையில் நிலம் பாறைபோல் இறுகும். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திற் போரினால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீளக் குடியேறிய மக்கள் வீடு, வயல், பாடசாலை ஆகியவற்றோடு விளையாட்டையும் மறுபடி கட்டியெழுப்ப வேண்டியவராயினர்.

மறுபுறம், குருநகர், நாவாந்துறை, இளவாலை போன்ற யாழ்ப்பாணத்து ஊர்கள் பல தலைமுறைகளாக உதைபந்தாட்டத்துக்குப் பெயர்பெற்றவை. அங்கே சிறுவன் நடக்கத் தொடங்கும்போதே பந்தும் அவன் காலடியில் உருளும். அத்தகைய மரபில் வந்த அணியோடு மோதும் வன்னிக் கிராமத்து அணியொன்று, பந்தைத் தன்னிடமே நெடுநேரம் வைத்திருந்து வெல்ல நினைத்தல் எளிதன்று. பந்தைக் காத்து ஆடுவதற்குப் பதினொருவரும் பல்லாண்டு சேர்ந்து பழகியிருத்தல் வேண்டும். எதிர்த்தாக்குதலுக்கோ பதினொருவரின் பொறுமையும் அவருள் மூவர் நால்வரின் ஒத்த கருத்தும் இருந்தால் நல்ல தொடக்கமாகும்.

வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளே கிடைக்கப்பெறும் பயிற்றுநர் அவற்றை எதற்குச் செலவிடுவது என்பதே ஈண்டு எழும் வினா. ஒரு பருவம் முழுவதும் தோற்றுக்கொண்டே இருக்கும் சிறுவர் அடுத்த பருவத்தில் மைதானத்துக்கு வாரார். ஆதலின் இவ்வினா ஆட்டநுட்பம் ஒன்றையே பற்றியதன்று. ஓரூரில் விளையாட்டு நிலைபெறுமா, பெறாதா என்பதையும் பற்றியதாகும்.

எளியோர் சூழ்ச்சி எனும் பழி

எதிர்த்தாக்குதல் வலியற்றோரின் சூழ்ச்சி என்றும், அதனாற் பெறும் வெற்றி தற்செயலானது என்றும் பழிப்பதுண்டு. வரலாறு அப்பழியை ஏற்பதாயில்லை.

1925ஆம் ஆண்டில் ஓப்சைட் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன்னர், பந்து முன்னோக்கி அனுப்பப்படும்போது அதனைப் பெறுபவருக்கும் எதிரணியின் கோற்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. திருத்தத்தின் பின் இருவர் இருத்தல் போதுமானதாயிற்று. அதனால் பின்வரிசையின் பின்னே உள்ள வெற்றிடம் தாக்குவோருக்குத் திறந்தது. இங்கிலாந்தின் முதற் பிரிவுப் போட்டிகளில் 1924-25ஆம் பருவத்தில் 1,192 கோல்கள் பெறப்பட்டன. அடுத்த பருவத்தில் அத்தொகை 1,703 ஆக உயர்ந்தது.

இம்மாற்றத்தைத் தன் அணியின் அமைப்பாலேயே பயன்படுத்திக்கொண்டவர் ஆர்சனல் அணியின் முகாமையாளர் ஹேர்பேட் சப்மன். 1925 முதல் 1934இல் இறக்கும்வரை அவர் அப்பதவியில் இருந்தார். நடுவரிசை வீரர் ஒருவரைப் பின்வரிசைக்கு இறக்கித் தடுப்பை வலுப்படுத்தினார். எதிரணி முன்னேறி வந்து பந்தை இழந்ததும், அலெக்ஸ் ஜேம்ஸ் என்னும் வீரர் பின்னிருந்தே நெடிய பரிமாற்றத்தாற் பக்க முன்னணி வீரருக்கு அதனை அனுப்புவார். அவ்வாறு பந்து பெற்ற கிளிப் பாஸ்ரின் 1932-33ஆம் பருவத்தில் மட்டும் 33 லீக் கோல்கள் பெற்றார். பக்கத்தில் ஆடும் ஒருவருக்கு இது வியத்தகு தொகையாகும். அவ்வணியை ‘அதிர்ஷ்டக்கார ஆர்சனல்’ என்று எதிரணியின் ஆதரவாளர் இகழ்ந்தனர். ஆனால் 1930-31, 1932-33 ஆகிய பருவங்களில் லீக் வெற்றியை ஈட்டிய அணியை அதிர்ஷ்டம் ஒன்றே உயர்த்தியது என்றல் பொருந்தாது. 2015-16ஆம் பருவத்தில் லெஸ்ரர் சிற்றி அணி, பெரும்பாலான ஆட்டங்களில் எதிரணியிலும் குறைந்த நேரமே பந்தை வைத்திருந்தும், இங்கிலாந்தின் முதன்மை லீக் போட்டியில் முதலிடம் பெற்றது. அதன் வெற்றிக்கும் விரைந்த எதிர்த்தாக்குதலே பெருந்துணையாயிற்று.

வலியும் காலமும் இடமும்

திருக்குறட் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் 47 முதல் 50 வரை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. அரசன் வினைமேற் செல்லுங்கால் எண்ண வேண்டியவற்றைக் கூறும் இவ்வைப்புமுறை எதிர்த்தாக்குதலைக் கற்பிப்போருக்கும் தக்கதொரு வகுப்பாக அமைகிறது. போரிடும் ஆட்டுக்கடா தாக்குதற்குமுன் பின்வாங்குதலையும், கொக்கு தன் இரைக்குரிய காலம் வரும்வரை ஒடுங்கியிருத்தலையும் வள்ளுவர் காலமறிதலிலேயே உவமையாகக் காட்டினார். எதிர்த்தாக்குதலின் இயல்பு முழுவதும் இவ்விரு உவமைகளில் அடங்கும்.

வலி என்பது யார்யாரிடம் எவ்வாற்றல் உள்ளது என்பதை அறிதல். செய்யும் வினை, தான், பகைவன், துணைவர் என்னும் நான்கின் வலிமையையும் சீர்தூக்குமாறு வள்ளுவர் பணிக்கிறார். பந்தைப் பறிப்பதில் வல்லவர் ஒருவர். பறித்த பந்தைத் தலைநிமிர்ந்து முன்னே அனுப்புவதில் வல்லவர் வேறொருவர். ஓட்டத்தில் வல்லவர் பிறிதொருவர். மூன்றையும் ஒருவரே செய்ய முற்படும்போது எதிர்த்தாக்குதல் தடைப்படும்.

காலத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 100 மீற்றர் நீளமுள்ள மைதானத்தில் ஒரு பக்கத்துத் தண்டப் பரப்பின் முன்கோட்டிலிருந்து மறுபக்கத்துத் தண்டப் பரப்பின் முன்கோடு வரையுள்ள தொலைவு 67 மீற்றர். செக்கனுக்கு 7 மீற்றர் வீதம் ஓடும் இளைஞன் இத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒன்பதரைச் செக்கன் செல்லும். பந்தைக் காலாற் செலுத்திக்கொண்டு ஓடுபவனுக்கு இன்னும் கூடும். செக்கனுக்கு 15 மீற்றர் வீதம் செல்லும் பந்தோ அதனை நான்கரைச் செக்கனிற் கடக்கும். இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். பந்து எவரினும் விரைவாக ஓடும். ஆதலின் பந்தை ஓடவிடுதல் வேண்டும். எனினும் பந்து சேரும் இடத்துக்கு வீரரும் சேர்தல் வேண்டுமாகையால், முழு மைதானத்தையும் கடக்கும் எதிர்த்தாக்குதலுக்குப் பத்துச் செக்கன் அளவே ஏற்றது. அதற்கு மேற்பட்டால் எதிரணியினரும் ஓடி வந்து தம் இடத்தை அடைந்துவிடுவர். ஜேர்மனியப் பயிற்றுநர் ரால்ப் ராங்னிக் என்பார், இழந்த பந்தை எட்டுச் செக்கனுக்குள் மீட்கவும், மீட்டபின் பத்துச் செக்கனுக்குள் கோலை நோக்கி உதைக்கவும் தம் வீரரைப் பயிற்றியமையும் இக்கருத்துப் பற்றியே.

இடம் என்பது வெற்றிடத்தை அறிதல். எதிரணி அகலப் பரந்திருக்கும்போது அதன் நடுவே இடைவெளி பெரிதாகும். முன்னேறி நிற்கும்போது அதன் பின்னே வெளி பெரிதாகும். வாய்க்காலில் நீர் வரும் வேளையில் எந்த மடையைத் திறப்பது என்று அறியாதவன் வயல் காய்ந்துபோகும். எங்கே வெளி திறந்துள்ளது என்பதை முன்னரே கண்டிராத வீரன் காலிற் பந்து வந்தும் பயனில்லை.

ஒரு சான்று

2018ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் உருசிய நாட்டின் ரொஸ்தொவ் நகரில் உலகக் கிண்ணப் போட்டியின் இரண்டாஞ் சுற்றில் பெல்ஜியமும் ஜப்பானும் மோதின. இரண்டு கோல்கள் பின்னின்ற பெல்ஜியம் இரண்டையும் திருப்பிப் பெற்றுச் சமநிலை எய்தியது. மேலதிக நேரத்தின் நாலாம் நிமிடத்தில் ஜப்பானுக்கு மூலை உதை கிடைத்தது. ஜப்பானிய வீரருட் பலர் பெல்ஜியத்தின் கோலை நெருங்கித் திரண்டனர்.

மூலையிலிருந்து வந்த பந்தைப் பெல்ஜியக் கோற்காப்பாளர் கோர்ட்வா கைகளாற் பற்றினார். பற்றியவுடன் அதனை வானில் உதைக்காமல், முன்னே ஓடத் தொடங்கியிருந்த டி புரூய்னின் ஓட்டத்துக்கு ஏற்ப நிலத்தில் உருட்டிவிட்டார். டி புரூய்ன் மைதானத்தின் நடுவே பந்தைச் செலுத்திச் சென்றார். தடுப்பவர் ஒருவர் தம்மை எதிர்கொள்ளும்வரை ஓடி, அதன் பின்னரே வலப்பக்கத்தில் ஓடிவந்த மெனியேக்குப் பந்தை அனுப்பினார். மெனியே ஒரே தொடுகையில் அதனைக் கோலின் முன்னே குறுக்காகச் செலுத்தினார். அங்கிருந்த லுக்காக்கு பந்தைத் தொடாது தம்மைக் கடந்து செல்ல விட்டார். அவரை நோக்கிய தடுப்பு வீரர் ஏமாற, இடப்பக்கமிருந்து வந்த சாட்லி பந்தைக் கோலினுட் செலுத்தினார். பந்து கோற்காப்பாளர் கையை விட்டுக் கோலை அடையச் சென்ற நேரம் ஏறத்தாழப் பத்துச் செக்கனே. பெல்ஜியம் 3-2 என வென்றது.

இந்நிகழ்ச்சியிற் கற்கத்தக்கன ஐந்து உள. கோற்காப்பாளர் பந்தைப் பற்றியபோதே ஓட்டம் தொடங்கிவிட்டது. முதற் பரிமாற்றம் முன்னோக்கியும் நிலத்தோடும் சென்றது. பந்தை வைத்திருந்தவர் நடுவழியே சென்றதால் இருபக்கமும் அவருக்குத் திறந்திருந்தன. தடுப்பவரைத் தம்பால் இழுத்த பின்னரே அவர் பந்தை விடுத்தார். பந்தைத் தொடாத வீரனும் தன் ஓட்டத்தாலும் நிலையாலும் கோலுக்குத் துணைசெய்தான். இவ்வைந்தில் ஒன்றேனும் உடல்வலியால் மட்டும் ஆயதன்று. ஐந்தும் அறிவினாலும் பழக்கத்தினாலும் அமைந்தவை; ஆதலால் பயிற்றக்கூடியவை.

பயிற்சியின் படிகள்

எதிர்த்தாக்குதற் பயிற்சி தடுத்தலிலிருந்தே தொடங்கும். பந்தை எங்கே பறிப்பது என்று தீர்மானியாத அணி, பறித்தபின் எங்கே செல்வது என்று அறியாது. பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று 10 அல்லது 12 மீற்றர் இடைவெளியில் நெருங்கி நிற்க வேண்டும். எதிரணியை நடுவே நுழையவிடாது பக்கவாட்டிற் செலுத்தி, அங்கே இருவர் மூவராய் நெருக்குதல் வேண்டும். முன்னணியில் ஒருவரோ இருவரோ மட்டும் பந்து வருங்காலத்தை நோக்கி உயரே நிற்கலாம். இதன்பின் பின்வரும் நான்கு படிகளையும் வரிசையாகப் பயிற்றலாம். விலையுயர்ந்த கருவிகள் எவையும் வேண்டா. எல்லை குறிக்கத் தென்னையின் பொச்சு மட்டைகளும் தடிகளும் போதும்.

முதற்படி, பறித்தவுடன் அனுப்புதல். 12 மீற்றர் பக்கமுள்ள சதுரத்துள் நால்வர் பந்தைத் தமக்குள் பரிமாற, இருவர் அதனைப் பறிக்க முயல்வர். சதுரத்துக்கு வெளியே, இரு பக்கத்தும் 15 மீற்றர் தொலைவில் ஒவ்வொருவர் நிற்பர். பந்தைப் பறித்தவர் இரண்டு தொடுகைக்குள் வெளியே நிற்பவருள் ஒருவருக்கு அதனை அனுப்புதல் வேண்டும். வெளியே நிற்போருள் ஒருவர் இடையிடையே கையை உயர்த்துவார். அவ்வேளையிற் கையுயர்த்தாத மற்றவருக்கே பந்து செல்ல வேண்டும். பறிக்குமுன்னரே தலைநிமிர்ந்து பார்த்திருந்தாலன்றி இது கைகூடாது. ‘பந்து வருமுன் பார்’ என்னும் பாடத்தை ஆயிரம் முறை கூறுவதினும் இப்பயிற்சி நன்கு கற்பிக்கும்.

இரண்டாம் படி, மூன்று பாதையில் ஓடுதல். எதிரணி இல்லாமலே மூவர் 60 மீற்றர் தூரம் முன்னேறுவர். நடுப்பாதையில் உள்ளவர் பந்தைச் செலுத்துவார்; மற்றையோர் இருவரும் இடப்பாதையிலும் வலப்பாதையிலும் ஓடுவர். மூவரும் பந்தை நோக்கி ஒன்றுகூடுதலே இளைஞரின் இயல்பான பிழை. மூவரும் கூடினால் தடுப்பவர் ஒருவரே மூவரையும் தடுத்துவிடுவார். ஆதலின் பாதைகளைத் தடிகளாற் குறித்து, கோலை நெருங்கும் வரை பாதை பிறழாது ஓடப் பழக்குதல் நன்று. கோலை நெருங்கியதும் பக்கத்தில் ஓடியவருள் ஒருவர் அருகுக் கம்பத்தையும் மற்றவர் தொலைவுக் கம்பத்தையும் நோக்கி வளைந்து செல்ல, நடுவில் உள்ளவர் சிறிது பின்தங்கி நிற்க வேண்டும். பரிமாறும் பந்து ஓடுபவரின் காலுக்கன்றி, அவர் இரண்டடி எடுத்து வைத்தால் அடையும் இடத்துக்கே செல்ல வேண்டும்.

மூன்றாம் படி, மூவர் இருவரை எதிர்த்தல். கோற்காப்பாளர் கையிலிருந்து பந்து புறப்படும். தாக்குவோர் மூவர், எதிரே தடுப்போர் இருவர். தாக்குவோருக்கு 8 மீற்றர் பின்னே வேறிருவர் நிற்பர். முதற் பரிமாற்றம் நிகழ்ந்ததும் அவர்கள் துரத்தத் தொடங்குவர். ஓய்ந்திருக்கும் மாணவர் ஒன்று முதல் பத்து வரை உரத்து எண்ணுவர். பத்து எண்ணி முடியுமுன் கோலை நோக்கி உதைத்தல் வேண்டும். துரத்துவோரின் காலடியோசையும் எண்ணும் குரலும் ஆட்டத்தின் நெருக்கடியைப் பயிற்சியிலேயே உண்டாக்கும். பந்தைச் செலுத்துபவர் தடுப்பவரை நேர்நோக்கிச் சென்று, அவர் இரண்டு மூன்று மீற்றர் அளவில் நெருங்கியபின் பந்தை விடுக்கப் பழகுவது இப்படியிலேயே. முந்தி விடுத்தால் தடுப்பவர் பந்தோடு நகர்ந்து அடுத்தவரையும் தடுப்பார். பிந்தி விடுத்தால் பந்து பறிபோகும். ஓப்சைட் விதியையும் ஈண்டே உணர்த்தலாம். தன் பாதி மைதானத்தில் நிற்பவருக்கு அவ்விதி தடையன்று. எதிர்ப்பாதியில் ஓடுபவரோ பந்து அனுப்பப்படும் கணம் வரை பந்து, கடைசிக்கு முந்திய எதிரணியினர் ஆகிய இரண்டுக்கும் ஒருங்கே அப்பாற் சென்றிருத்தலாகாது.

நான்காம் படி, நிபந்தனையோடு கூடிய ஆட்டம். எண்மர் எண்மராக இரு அணிகள் முழு மைதானத்தில் ஆடும். பந்தை மீட்டுப் பத்துச் செக்கனுக்குள் பெறும் கோலுக்கு இரண்டு புள்ளி. பிற கோலுக்கு ஒரு புள்ளி. இதனோடு நின்றால் வீரர் எந்நேரமும் விரைந்தோட முற்படுவர். ஆதலின் பிறிதொரு விதியும் வேண்டும். முன்னே வழியில்லை எனக் கண்டு, பந்தைக் காத்து ஆறு பரிமாற்றங்களைத் தவறின்றிச் செய்த அணிக்கும் ஒரு புள்ளி வழங்குக. விரைதற்குரிய வேளை இது, பொறுத்தற்குரிய வேளை இது எனத் தேரும் அறிவுக்கே இவ்விதி பரிசளிக்கிறது.

கோற்காப்பாளர்

கோற்காப்பாளரைத் தனியே ஒரு மூலையிற் பயிற்றும் வழக்கம் எதிர்த்தாக்குதலுக்கு ஒவ்வாதது. மூலை உதையிலும் குறுக்கு உதையிலும் பந்தைப் பற்றும் அவரே முதல் தாக்குபவர். பந்தைப் பற்றியதும் தண்டப் பரப்பின் விளிம்புக்கு விரைந்து, தோளுயரத்துக்கு மேற் கையைச் சுழற்றி எறியவும், நிலத்தோடு உருட்டவும் அவர் பழகுதல் வேண்டும். எறிந்த பந்து உதைத்த பந்திலும் திருத்தமாகச் செல்லும். கோற்காப்பாளர் பந்தைக் கையில் எட்டுச் செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை அளிக்கும் விதி 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தாமதிக்கும் பழக்கம் இனி எவ்வணிக்கும் ஊறு விளைக்கும்.

நிலமும் காற்றும் உடலும்

நூலிற் கண்ட பயிற்சியை நிலத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளல் வேண்டும். கோடையில் இறுகிய தரையிற் பந்து எழும்பித் துள்ளும்; அங்கே பரிமாற்றம் தாழ்வாகவும் உறுதியாகவும் அமைதல் வேண்டும். மாரியில் நீர் தேங்கிய இடத்தில் உருளும் பந்து நின்றுவிடும். அங்கே பந்தைச் சிறிது தூக்கி அனுப்புதல் நலம். கச்சான் காற்று வீசும் மாதங்களில், காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதை ஆட்டத்துக்கு முன்னரே அணித்தலைவர் நோக்குதல் வேண்டும். காற்றோடு செல்லும் நெடும்பந்து ஓடுபவரைக் கடந்து கோற்காப்பாளரிடம் சேர்ந்துவிடும். காற்றை எதிர்த்துச் செல்லும் பந்தோ நடுவழியில் வேகம் குன்றும்.

எதிர்த்தாக்குதல் முழு வேகத்தில் ஓடும் ஓட்டத்தை நம்பியது. அவ்வோட்டத்துக்குத் தசைகளிற் சேமித்துள்ள உடனடி ஆற்றல் சில செக்கன்களிலேயே பெரும்பாலும் செலவாகும். அதிற் பாதியளவு ஏறத்தாழ அரை நிமிட ஓய்வில் மீளும். முழுவதும் மீளச் சில நிமிடங்கள் செல்லும். ஆகவே மூன்றாம் படியிற் பத்துச் செக்கன் ஓடியவருக்கு ஒரு நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு வேண்டும். ஆறு அல்லது எட்டு முறை ஓடியபின் ஐந்து நிமிடம் இளைப்பாறி நீர் அருந்துதல் நன்று. ஓய்வின்றி ஓடவைக்கும் பயிற்றுநர் மெதுவாக ஓடுவதையே பழக்குகிறார். வன்னியின் வெயிலில் நண்பகற் பயிற்சி தீங்கு பயக்கும். மாலை வேளையே உரியது.

எல்லை அறிதல்

எம்முறைக்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தின் விமானப்படையிற் கணக்கராகப் பணியாற்றிய சாள்ஸ் ரீப் என்பார், 1950ஆம் ஆண்டு முதல் ஆட்டங்களைக் குறிப்பெடுத்து எண்ணிவந்தார். பேணாட் பெஞ்சமின் என்பாரோடு சேர்ந்து 1968இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஐந்தில் நான்கு பங்களவு கோல்கள் மூன்றோ அதற்குக் குறைந்தோ ஆகிய பரிமாற்றங்களின் பின்னரே பெறப்பட்டன. இதனைக் கொண்டு, பந்தை நெடிதாக உதைத்தலே சிறந்தது என இங்கிலாந்திற் பலர் முடிவுகட்டினர்.

ஆயின் அம்முடிபில் ஒரு வழு உண்டு. ஆட்டத்திற் பெரும்பாலான முயற்சிகள் இரண்டு மூன்று பரிமாற்றங்களிலேயே முடிந்துவிடுகின்றன. மிகுதியாக நிகழ்வதிலிருந்து மிகுதியான கோல்கள் வருதல் இயல்பேயன்றிச் சிறப்பன்று. ஹியூஸ், பிராங்ஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், முயற்சிகளின் எண்ணிக்கையோடு கோல்களை ஒப்புநோக்கியபோது, வெற்றிபெற்ற அணிகளுக்கு நீண்ட பரிமாற்றத் தொடர்களே கூடுதலான பயனளித்தமை புலப்பட்டது. ஆகவே பரிமாற்றம் குறைவாயிருத்தல் வெற்றிக்குக் காரணம் அன்று. பந்து எங்கே மீட்கப்பட்டது, அவ்வேளை எதிரணி ஒழுங்கிழந்து நின்றதா என்பனவே காரணம். எதிரணி ஒழுங்காக நிற்கும்போது எதிர்த்தாக்க முயல்வது மூடிய கதவில் முட்டுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்று. எதிர்த்தாக்குதலை மட்டுமே அறிந்த அணி, தன்னினும் எளிய அணியைச் சந்திக்கும்போது செய்வதறியாது திகைக்கும். எளிய அணி தானும் பின்வாங்கி நிற்க, முன்னேறித் தாக்கும் பொறுப்பு இவ்வணியின்மேல் வீழும். ஆதலின் பந்தைக் காத்து ஆடும் பயிற்சியையும் கைவிடலாகாது. மேலும், ஐவர் முன்னே பாயும்போது மற்றையோர் அவர் பின்னே தம் இடத்திற் காவல் நிற்றல் வேண்டும். எதிர்த்தாக்குதலுக்கும் எதிர்த்தாக்குதல் உண்டு.

முடிபு

பழந்தமிழ்ப் புறத்திணையில் ஆநிரை கவர்தலும் மீட்டலும் கூறப்பட்டன. தொல்காப்பியர் இரண்டையும் வெட்சித்திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ மீட்டலைக் கரந்தை எனத் தனித் திணையாக வகுத்தது. இழந்ததை மீட்டல் தனித்துக் கற்கவேண்டியதொரு துறை என்னும் உண்மை அவ்வகுப்பினுள் அமைந்துகிடக்கின்றது. உதைபந்தாட்டத்துக்கும் அது பொருந்தும். மீட்டல் ஒரு கலை. மீட்டதைப் பயன்படுத்தல் மற்றொரு கலை.

முரசுமோட்டையிலும் அதனையொத்த ஊர்களிலும் பந்தாடும் இளைஞருக்கு நல்ல மைதானமும் நீண்ட பயிற்சிக் காலமும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பொறுத்து நின்று, காலம் வந்தபோது தயங்காது பாயும் ஆட்டத்தை வாரத்தில் இரு மாலைப் பொழுதுகளிலேயே கற்பிக்கத் தொடங்கலாம். அவ்வாறு கற்ற இளைஞன் வலிய அணியைக் கண்டு முன்னரே மனந்தளரான். பந்து தன்னிடம் இல்லாத நேரமும் தனக்குரிய நேரமே என்பதை அவன் அறிந்திருப்பான். அடுத்த மாலையும் அவன் மைதானத்துக்கு வருவான். அஃது ஒன்றே பயிற்றுநருக்குப் போதிய கைம்மாறு.